குடும்ப நாவல் பதிப்பாளர்களுக்கு ஒரு வாசகியின் திறந்த மடல்

தமிழில் காதல் நாவல்களையும் குடும்ப நாவல்களையும் அச்சில் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கும், அவற்றை அச்சுக்கு முன் படித்துப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் அண்மையில் வெளியிட்ட ஒரு நாவலைப் படித்து முடித்த ஏமாற்றத்தில் இம்மடலை எழுதுகிறேன். நாவலின் பெயரையும் எழுதியவர், வெளியிட்டவர் பெயர்களையும் இங்கே சொல்லவில்லை. எழுதியவர் இளையவர், கையில் எழுத்து இருக்கிறது, அவருடைய பெயரை இழுத்து நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை. மேலும், நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நூலோடு நிற்பதுமில்லை. இணையத்தில் தொடராக வந்து, வாசகர்களின் வரவேற்பைப் பெற்று, பிறகு புத்தகமாகும் நாவல்கள் பலவற்றில் இதே குறையை இதே இடத்தில் பார்த்து வருகிறேன். இந்த நாவலில் அது மிகுதியாக வலித்ததற்குக் காரணம், இதன் முதல் எட்டு அத்தியாயங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன என்பதே.

நாயகி ஒரு வழக்கறிஞர். உரிமையியல் வழக்குகளை நடத்தும் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு முதியவரின் கிரையப் பத்திரம் அவள் மேசைக்கு வருகிறது. மூத்தவரும் எழுத்தரும் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்ட பத்திரம் அது. நான்கெல்லையைப் படித்துக்கொண்டே வருகிறவள், கிழக்கெல்லை என்று எழுதப்பட்டிருக்கும் வண்டிப்பாதை, பழைய தாய்ப்பத்திரத்தில் மேற்கெல்லையாக இருப்பதைக் கண்டு நிற்கிறாள். எது சரி என்று தெரிய வேண்டும். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு முதியவரிடம், “தாத்தா, பாதையிலேருந்து வயலுக்குள்ள இறங்கும்போது காலை வெயில் உங்க முகத்துல அடிக்குமா, முதுகுல அடிக்குமா?” என்று கேட்கிறாள். “முகத்துலதாம்மா” என்கிறார் அவர். பாதை மேற்கில்தான் இருக்கிறது. புதிய பத்திரம்தான் தவறு. ஒரு கேள்வி, ஒரு பதில். அவ்வளவில் அந்தப் பெண்ணின் அறிவு, பொறுமை, எளியவர்களிடம் பேசத் தெரிந்த பக்குவம் எல்லாம் நம் முன் வந்து நின்றுவிடுகின்றன. இப்படி ஒரு காட்சியை எழுதத் தெரிந்தவர், மீதி முப்பது அத்தியாயங்களில் அவளை ஒருமுறைகூடக் கேள்வி கேட்கவிடவில்லை என்பதே என் ஏமாற்றத்தின் தொடக்கம்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் நாயகன் அவளுக்குக் கட்டாயத் தாலி கட்டுகிறான். அவளுடைய மூத்தவர் நடத்திய ஒரு சொத்து வழக்கில் அவன் குடும்பம் தோற்றது, அந்த அதிர்ச்சியில் அவன் தந்தை படுத்த படுக்கையானார், எனவே அவளைப் பழிவாங்குகிறான். தம்பியின் உயிருக்கு ஆபத்து என்று மிரட்டி அவளைக் கோயிலுக்கு வரவழைக்கிறான். அதற்குப் பிறகு கைப்பேசி பறிக்கப்படுகிறது. நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று கட்டளை. வீட்டார் முன்னால் ஓயாத அவமானம். இவையெல்லாம் ஏறத்தாழ இருபது அத்தியாயங்கள் நீள்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாயகன் கொடியவனாக இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ‘ஆன்டி ஹீரோ’ கதைகள் என்று நாம் சொல்லும் வகையை நான் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன். தவறு செய்தவன் தன் தவறின் முழு அளவையும் உணர்ந்து, அதற்கான விலையைக் கொடுத்து, தான் வருத்தியவளின் முன் வந்து நிற்பது கதை இலக்கியத்தில் இருக்கும் ஆற்றல் மிக்க கதைகளுள் ஒன்று. தொடக்கத்தில் அவன் எவ்வளவு தாழ்ந்திருக்கிறானோ, அவன் ஏறி வர வேண்டிய படிகளும் அவ்வளவு கூடுகின்றன. அந்தப் படிகளைப் பார்க்கத்தான் வாசகர் அந்த இருபது அத்தியாயங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறார். இந்த நாவலில் அந்தப் படிகளே இல்லை.

முப்பத்திரண்டாவது அத்தியாயத்தில் நாயகனுக்குக் காய்ச்சல் வருகிறது. நாயகி அவன் நெற்றியில் ஈரத்துணி வைக்கிறாள். காய்ச்சலின் பிதற்றலில் அவன் அவள் பெயரைச் சொல்கிறான். அவள் கண்ணில் ஒரு துளி நீர்; அது அவன் கன்னத்தில் விழுகிறது; ‘அவளுக்குள் உறைந்திருந்த பனி உருகியது’ என்று ஒரு வரி. அடுத்த அத்தியாயம் ‘மூன்று மாதங்களுக்குப் பிறகு’ என்று தொடங்குகிறது. அந்த மூன்று மாதங்களில் அவர்கள் மனம் ஒத்த தம்பதி ஆகிவிட்டார்கள். நான் அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் இடையே பக்கம் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பக்க எண்களைச் சரிபார்த்தேன். விடுபடவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை. தன் பழி தவறான ஆளின் மேல் விழுந்தது என்று அவனுக்கு எப்போது தெரிந்தது என்பதுகூடக் கதையில் இல்லை. தம்பியை வைத்து மிரட்டியது என்ன ஆயிற்று, பறித்த கைப்பேசி திரும்ப வந்ததா, அவள் மறுபடி கறுப்பு அங்கி அணிந்தாளா, எதற்கும் பதில் இல்லை. நினைவு தப்பியவன் வாயிலிருந்து வந்த ஒரு பெயரை, நினைவோடு அவன் செய்த அத்தனைக்கும் ஈடாகக் கதை வைத்துவிடுகிறது.

வருத்தியவனும் வருத்தப்பட்டவளும் மீண்டும் சேர்வது எத்தனை கடினம் என்பதைத் தமிழ் தொடக்கத்திலிருந்தே அறியும். ஊடலைப் பாடும் சங்க இலக்கியத்தின் மருதத்திணைப் பாடல்கள் முழுவதும் அந்தக் கடினத்தின் மேல்தான் நிற்கின்றன. பரத்தையிடமிருந்து திரும்பி வரும் தலைவன் நேரே வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. பாணனை அனுப்புகிறான், தோழியை வேண்டுகிறான், மகனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். தலைவிக்கு வாயில் மறுக்கும் உரிமை இருக்கிறது, அவள் மறுக்கிறாள், அவள் சார்பில் தோழி அவனை நேருக்கு நேர் இடித்துரைக்கிறாள். ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்களை மருதத்துக்கென்றே ஓரம்போகியார் பாடியிருக்கிறார். அவற்றின் பெரும்பகுதி இந்தப் பிணக்கையும் இந்த மறுப்பையும் சுற்றியே வருகிறது. அன்றைய சமூகம் ஆணுக்குக் கொடுத்திருந்த சலுகைகளை நான் மறக்கவில்லை. பல பாடல்களில் தலைவி கடைசியில் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. ஆயினும் அந்த மறுப்பைச் சொல்ல அவளுக்கு இடம் இருந்தது. தொல்காப்பியமோ, மிக்க காமத்து மிடலை, அதாவது காம மிகுதியில் வலிமை காட்டுவதை, பொருந்தாக் காதலான பெருந்திணையின் குறிப்புகளுள் ஒன்றாக வைத்து, அன்பொடு புணர்ந்த ஐந்திணையிலிருந்து அதை விலக்கியே நிறுத்துகிறது. வலிமை காட்டுவதையும் அன்பையும் வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது வெளியிலிருந்து நமக்கு வந்த புதுக்கருத்து அன்று. இன்றைய நாயகி, படித்தவள், சட்டம் தெரிந்தவள், அந்தப் பாடல்களின் தலைவிக்குக் கிடைத்த பேச்சுரிமைகூட இல்லாமல் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

சட்டம் தெரிந்தவள் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வற்புறுத்தியோ வஞ்சித்தோ சம்மதம் பெற்று நடந்த திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். வற்புறுத்தல் நீங்கியதிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வற்புறுத்தல் நீங்கிய பின் முழுச் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. கைப்பேசியைப் பறிப்பதும் வேலைக்குப் போகவிடாமல் அடைத்து வைப்பதும் பற்றி அவளுக்கு இன்னொரு சட்டமும் தெரிந்திருக்கும்: உடல், பாலியல், சொல்லும் மனமும், பொருளாதாரம் என்று நான்கு வகைத் துன்புறுத்தலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். ஓர் இல்லத்தரசிக்கோ கல்லூரி மாணவிக்கோ இவை தெரியாமல் போகலாம். நான்கெல்லையில் ஒரு திசை மாறியிருந்ததைக் கண்டுபிடித்த உரிமையியல் வழக்கறிஞருக்குத் தெரியாமல் போகாது. அவள் அச்சத்தால் சட்டத்தை நாடவில்லை என்றால் அதையாவது ஒரு பத்தியில் எழுதியிருக்கலாம். தம்பிக்காகப் பொறுத்தாள் என்றால் தம்பி பாதுகாப்பாக வெளிநாடு சென்ற பிறகும் ஏன் பொறுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். தாலி கழுத்தில் ஏறிய கணத்தில் அவள் படித்த படிப்பு முழுவதும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதைக் கதாபாத்திரத்தின் வீழ்ச்சி என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எழுதியவருக்கே அவள் யார் என்பது மறந்துவிட்டது.

இதில் வீணாகிப்போன வாய்ப்பை எண்ணும்போதுதான் மனம் பொறுக்கவில்லை. அந்த ஓராண்டுக் கெடுவே இந்தக் கதைக்கு ஒரு விசையைத் தந்திருக்கும். அவள் மனுவை எழுதி முடித்துத் தன் கோப்பில் வைத்திருக்கிறாள். அது அங்கே இருப்பது அவனுக்கும் தெரியும். அவன் ஒவ்வொரு தவறாகத் திருத்திக்கொண்டு வருகிறான், தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான், அவளை நீதிமன்ற வாசலில் இறக்கிவிட்டு மாலையில் காத்திருக்கிறான். மனுவைத் தாக்கல் செய்வாளா மாட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. கடைசி நாள் வருகிறது, தன் முழு மனத்தோடு அந்த நாளைக் கடந்துபோக விடுகிறாள். எழுத்தாளர் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நான் கட்டளையிடவில்லை. இப்படி ஒன்று, இதைவிடச் சிறந்த ஒன்று, அவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது என்கிறேன். கையெழுத்துப் படியைக் கருத்தோடு படித்த ஒருவர், “இவள் வழக்கறிஞர்தானே, 12ஆம் பிரிவு அவளுக்குத் தெரியாதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், எழுத்தாளர் அந்த இடத்துக்குத் தானே வந்து சேர்ந்திருப்பார்.

அப்படி யாரும் படிக்கவில்லை என்பதற்குப் புத்தகத்திலேயே சான்று இருக்கிறது. பதினேழாவது அத்தியாயத்தின் இறுதியில் ‘அடுத்த எபி வெள்ளிக்கிழமை, உங்கள் கருத்துகளுக்காகக் காத்திருக்கிறேன் தோழமைகளே’ என்று இணையத் தொடர் வாசகர்களுக்கு எழுதிய வரி அப்படியே அச்சாகியிருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வோர் அத்தியாயமும் முந்தைய அத்தியாயத்தின் நிகழ்வை நினைவூட்டிக்கொண்டுதான் தொடங்குகிறது. வாரத்துக்கு இரண்டு பதிவு படிப்பவருக்கு அது தேவை, ஒரே மூச்சில் புத்தகமாகப் படிப்பவருக்கு அது சுமை. நாயகனின் அத்தை ஓரிடத்தில் கைம்பெண், இன்னோரிடத்தில் கணவரோடு விருந்துக்கு வருகிறார். இவற்றுக்கெல்லாம் எழுத்தாளரை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வீட்டு வேலையையும் அலுவலகத்தையும் முடித்துவிட்டு, வாசகர்கள் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் இரவில் எழுதிப் பதிவேற்றும் ஒருவர், முன்பு எழுதியதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் போவது இயல்பு. முப்பத்திரண்டாவது அத்தியாயத்தின் திடீர்த் திருப்பம்கூட அங்கிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எப்போது இருவரையும் சேர்த்து வைப்பீர்கள் என்று தொடர் வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த அன்பு மிகுந்த அழுத்தத்துக்கு எழுத்தாளர் பணிந்திருப்பார். தொடரில் அது நடக்கும். தொடர் புத்தகமாகும்போது அதைச் சரிசெய்யக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அது உங்கள் மேசையில் இருக்கிறது.

வார இதழ்களில் தொடர்கதைகள் வந்த காலத்திலும் வாரந்தோறும் எழுதும் அவசரம் இருந்தது, வாசகர் கடிதங்களின் அழுத்தம் இருந்தது. ஆனால் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடுவே ஓர் இதழாசிரியர் இருந்தார். இணையத் தொடரில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அது காலியாக இருப்பதால்தான் பல பெண்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் எழுத வந்தார்கள் என்பதையும் நான் அறிவேன், அதற்காக மகிழ்கிறேன். ஆனால் அச்சுக்கு வரும்போதாவது அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார வேண்டும். தமிழில் அதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், 2020இல் மறையும் வரை, எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பிரதியைச் செம்மைப்படுத்துவதைத் தன் தலையாய வேலையாகக் கொண்டிருந்தார். அது தீவிர இலக்கியத்துக்கு, குடும்ப நாவலுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குடும்பக் கதைகளாலேயே பல்லாயிரம் வாசகிகளைப் பெற்ற, மருத்துவராகவும் இருந்த எழுத்தாளர் லக்ஷ்மிக்குத்தான் 1984இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பெண்கள் விரும்பிப் படிக்கும் கதை என்பதால் அது செம்மையாக்கத்துக்குத் தகுதியற்றது என்று எண்ணினால், அந்த எண்ணம் எழுதுபவரையும் படிப்பவரையும் ஒருசேரத் தாழ்த்துகிறது.

வாசகர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள், விற்பனை சொல்கிறதே என்பது வழக்கமாக வரும் பதில். விற்பனை, வாசகர் ஒரு புத்தகத்தை எந்த நம்பிக்கையில் வாங்கினார் என்பதைச் சொல்லும். எந்த மனநிலையில் மூடி வைத்தார் என்பதைச் சொல்லாது. நானும் இந்த நாவலை வாங்கியவள்தான். உங்கள் கணக்கில் நானும் விரும்பியவர்களுள் ஒருத்தி. இது கற்பனைதானே, பொழுதுபோக்குக்கு ஏன் இவ்வளவு கேள்வி என்பது இரண்டாவது பதில். கற்பனைக்கு எல்லை கட்டும்படி நான் கேட்கவில்லை. கொடுமையை எழுதாதீர்கள் என்றோ, சோகமாக முடியுங்கள் என்றோ கேட்கவில்லை. இன்பமான முடிவு இந்த வகை நாவல் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு; எனக்கும் அதுவே வேண்டும். அந்த முடிவை நான் நம்பும்படி செய்யுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன். இரட்டைக் குழந்தைகளோடு முடியும் அந்தக் கடைசி அத்தியாயத்தில் நாயகி சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறது. அவள் எதற்காகச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னட்டையைப் பற்றியும் ஒரு சொல். சட்டத்தைப் படித்த பெண்ணுக்கும் எந்தச் சட்டத்துக்கும் அடங்காத ஆணுக்கும் இடையிலான போட்டி என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. போட்டி என்றால் இரண்டு பக்கமும் களத்தில் இருக்க வேண்டும். கட்டாயத் திருமணமும் நீண்ட துன்புறுத்தலும் கதையில் உண்டு என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. அப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து மீண்டு வந்த ஒருவர் ஓய்வுக்காக இந்தப் புத்தகத்தை எடுத்துவிடக்கூடும். பின்னட்டையில் இரண்டு வரி சேர்ப்பதால் விற்பனை குறைந்துவிடாது. இந்த வகையை விரும்பித் தேடுபவர்களுக்கும் அது வழிகாட்டவே செய்யும்.

இந்த நாவலை வெளியிட்டவருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். புத்தகம் நன்றாக விற்பதாக அறிகிறேன், மறுபதிப்பு வரும். அப்போது அட்டையை மாற்றுவதற்கு முன் எழுத்தாளரை அழைத்து, முப்பத்திரண்டுக்கும் முப்பத்து மூன்றுக்கும் இடையே அந்த மூன்று மாதங்களை எழுத அவருக்குப் போதிய காலம் கொடுங்கள். எத்தனை அத்தியாயம் ஆனாலும் ஆகட்டும், விலை கூடினாலும் கூடட்டும். முதல் பதிப்பை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் மறுபடியும் வாங்குவோம். அந்தப் பக்கங்களில் நாயகன் நினைவோடு, வாய் திறந்து, செய்தது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும். அவள் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அவள் தன் கோப்பை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
குடும்ப நாவல்களை இன்னும் விரும்பிப் படிக்கும் ஒரு வாசகி